ஒத்து ஊதுகிறவர்களின் மூச்சு

போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துப் பையன் ஒருவன் நாயனம் வாசித்தான். வயது 17. வாசித்தது 12 நிமிடம். இரண்டு இடத்தில் மூச்சு தளர்ந்து சுருதி கொஞ்சம் இறங்கியது. அவனையும் என்னையும் தவிர வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். மைக்கில் சொன்னார்: "இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வர்ற விஷயம் இல்லைங்க. இவங்க ரத்தத்துலயே ஊறினது." அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும் பேருந்தில் பையன் கேட்டான்: "ஏக்கா, ரத்தத்துலயே இருந்துச்சுன்னா அப்புறம் எதுக்கு தாத்தா ஏழு மாசம் என்னை நாயனத்தையே தொடவிடல?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. மேடையில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், தோழர்களே. நடுவில் மூச்சுப் பயிற்சியும் வரும்.

அவன் தாத்தா என்று சொல்வது என் பெரியப்பாவை. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பெரியப்பா நையாண்டி மேளத்தில் நாயனக்காரர். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி என்று ஒரு செட்டு. கரகாட்டத்துக்கு, அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, சில சமயம் சாவுக்கு. 9 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று தாய்மாமனிடம் போய்ச் சேர்ந்தார். போனவுடன் நாயனத்தைக் கையில் கொடுத்துவிடவில்லை. ஒத்து ஊத விட்டார்கள்.

ஒத்து என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பார்ப்பதற்கு நாயனம் போலவே நீளமாக இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. அடியில் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். வேலை ஒன்றே ஒன்றுதான்: நாயனக்காரர் வாசிக்கும் நேரம் முழுக்க ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நாயனக்காரர் நிறுத்தலாம், மூச்சு வாங்கலாம், தவிலுக்கு விட்டுவிட்டு வெற்றிலை போடலாம். ஒத்து நிற்கக் கூடாது. ஒத்து நின்றால் மேளத்துக்குத் தரையே இல்லாமல் போய்விடும். தமிழில் 'ஒத்து ஊதுறான்' என்றால் சுயபுத்தி இல்லாமல் பெரிய மனிதனுக்குத் தலையாட்டுகிறான் என்று பொருள். கட்சிக் கூட்டத்தில், அலுவலகத்தில், பேஸ்புக் சண்டையில் எல்லாம் இந்த வசையைச் சாதாரணமாக வீசுகிறோம். நானும் வீசியிருக்கிறேன். நான் ஒத்தை வாயில் வைத்துப் பார்த்தது 31 வயதில். முதல் நாள் 11 நொடி தாங்கினேன். அதன்பிறகு அந்த வசையை யார்மேலும் போடுவதில்லை.

பையனின் ஏழு மாதத்துக்கு வருகிறேன்.

முதல் மாதம் முழுக்கத் தரையில் படுத்துக் கிடந்தான். மல்லாக்கப் படுக்க வேண்டும், வயிற்றின்மேல் ஒரு தடித்த பாடப்புத்தகம். மூச்சு வாங்கும்போது புத்தகம் ஏற வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். நெஞ்சும் தோளும் அசையக் கூடாது. அவ்வளவுதான் பயிற்சி. பையன் மூன்றாம் நாளே சலித்துப்போய், "இதை நான் வீட்டுல தூங்கிக்கிட்டே செய்வேன் தாத்தா" என்றான். பெரியப்பா, "தூங்கும்போது எல்லாரும் சரியாத்தான் மூச்சு விடுறான். முழிச்சதும்தான் கெட்டுப் போறான்" என்றார்.

அதில் உண்மை இருக்கிறது. நுரையீரலுக்கென்று சொந்தமாகத் தசை கிடையாது, அது தானாக விரியாது. அதற்குக் கீழே கவிழ்த்த சட்டிபோல உதரவிதானம் இருக்கிறது. மூச்சு வாங்கும்போது அந்தத் தசை சுருங்கிக் கீழே இறங்கி நுரையீரலுக்கு இடம் கொடுக்கிறது. அது இறங்கும்போது குடலுக்குப் போக இடமில்லாமல் வயிறு முன்னே தள்ளுகிறது. 'வயிற்றில் மூச்சு வாங்கு' என்று வாத்தியார்கள் சொல்வது இதைத்தான், வயிற்றுக்குள் காற்று எதுவும் போவதில்லை. தோளைத் தூக்கி வாங்கும் மூச்சில் கிடைக்கும் காற்று கொஞ்சம், வரும் இறுக்கம் அதிகம். கழுத்து இறுகும், தொண்டை இறுகும், சுரம் கீச்சிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் எடுப்பது சுமார் அரை லிட்டர் காற்று. முழுக்க வாங்கினால் வளர்ந்த ஆளுக்கு நான்கு லிட்டர் வரைகூடப் போகும். இந்த இடைவெளியைப் பயன்படுத்தக் கற்பதுதான் ஊதுகருவிக்காரரின் முதல் பாடம். நாயனம், கிளாரினெட், டிரம்பெட் எதுவானாலும் சரி.

இரண்டாவது பாடம் வாங்கிய மூச்சை விடுவது. பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். நெஞ்சு நிறையக் காற்று வாங்கியதும் அது தானாகவே வெளியே பாயப் பார்க்கும், ஊதிய பலூனைப் போல. அப்போது தள்ளக் கூடாது, பிடித்துப் பிடித்து விட வேண்டும். பாதிக்கு மேல் தீர்ந்ததும் பாய்ச்சல் குறைந்துவிடும். அதற்குப் பிறகுதான் வயிற்றுத் தசையால் தள்ள வேண்டும். முதல் பாதிக்கு ஒரு வேலை, அடுத்த பாதிக்கு எதிர் வேலை. கேட்பவர் காதுக்கு மட்டும் இரண்டும் ஒரே சுரமாகப் போய்ச் சேர வேண்டும். எனக்கு இது உடலியல் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது. பெரியப்பா பையனுக்குச் சொன்னது இப்படி: "கெணத்துல வாளியை இறக்குறப்ப கயித்தைப் பிடிச்சுப் பிடிச்சுத்தானே விடுவ. மொத்தமா விட்டா வாளி போயிரும். தூக்குறப்ப இழுக்கணும். மூச்சும் அதே கயிறுதான்."

பையனுக்கு அந்த உவமை எட்டவில்லை. அவன் கிணற்றில் தண்ணீர் இறைத்ததே இல்லை, எல்லாம் குழாய்தான். எங்கள் தெருவுக்குப் பொதுக்கிணற்றில் கயிறு போடும் உரிமை எப்போது வந்தது என்பது வேறு கதை. கடைசியில் காற்றாடி நூலைச் சொல்லித்தான் புரிய வைத்தோம்.

இதற்கான பயிற்சி எளிது. நின்றுகொண்டு முழு மூச்சு வாங்கி, பல் இடுக்கால் 'ஸ்ஸ்ஸ்' என்று விட வேண்டும். சத்தம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பையன் முதலில் 14 நொடி போனான், மூன்று மாதத்தில் 40. ஆனால் பெரியப்பா கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சத்தம் ஆடுகிறதா என்று மட்டும் கேட்பார். ஆடாத 20 நொடி, ஆடுகிற 40 நொடியைவிட மேல். முயல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வேக வேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். உடனே உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுங்கள். வீரம் காட்ட வேண்டாம்.

இன்னொன்று எனக்கு வியப்பாக இருந்தது. பையன் சில நேரம் மூச்சுத் திணறி நிறுத்துவான். காற்று போதவில்லை என்று நாங்கள் நினைப்போம். பெரியப்பா, "காத்து பத்தாம இல்ல. உள்ள பழைய காத்து நிக்குது. மொதல்ல அதை வெளிய தள்ளு, அப்புறம் வாங்கு" என்பார். மேற்கே ஓபோ வாசிப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இரட்டை நாக்கின் சின்ன இடுக்கு வழியே காற்று மெல்லத்தான் போகும், நெஞ்சில் கெட்ட காற்று தங்கிவிடும், அதனால் அவர்கள் வாங்குவதற்கு இடம் பார்ப்பது போலவே விடுவதற்கும் இடம் பார்த்து வைத்துக்கொள்வார்கள். ஓபோ என்ற பெயரையே கேள்விப்படாதவர் என் பெரியப்பா.

வயிறு, விலா இரண்டும் பழகிய பிறகு முதுகு. பெரியப்பா பையனின் பின்னால் நின்று, இடுப்புக்கு மேலே, கடைசி விலா எலும்புப் பக்கம் இரண்டு உள்ளங்கையையும் வைப்பார். "என் கையைத் தள்ளு" என்பார். மூச்சு அங்கே போய் முதுகு விரிந்து கையைத் தள்ள வேண்டும். நிறைய வாத்தியார்கள் வயிற்றோடு விட்டுவிடுவார்கள். நீங்கள் மட்டும் முதுகை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் காலத்தில் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். உங்களில் பலருக்கு இது தாத்தா சொன்ன கதையாகத் தெரிந்திருக்கும். ஊதுகிறவனுக்கு அதில் என்ன கூடுதல் சங்கடம் என்று நான் யோசித்ததே இல்லை. விரிய வேண்டிய இடத்தில் கட்டு. அதனால் பெரியப்பா தொப்புளுக்குக் கீழே தொளதொளவென்று கட்டிக்கொள்வார். பார்க்கிறவனுக்கு மரியாதை, தனக்கு மூச்சு. ஒரு திருவிழாவில் யாரோ ஒரு பெரிய வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டார். "என்னடா, பாவாடை நாடா மாதிரி கட்டியிருக்க, இறுக்கிக் கட்டு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவரே இழுத்து முடிச்சுப் போட்டார். அன்று கோயில் வாசலுக்கு வெளியே நின்று ஒன்றரை மணி நேரம் ஊதியிருக்கிறார். "வயிறு போகல. எங்கயாச்சும் போயாகணும்ல தாயி. முதுகுக்குப் போச்சு."

இதைக் கேட்டுவிட்டு யாராவது, 'அடக்குமுறைதான் கலையைச் செழிக்க வைத்தது' என்று ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டாம். முதுகுக்கு மூச்சை இறக்க ஒரு நல்ல வாத்தியாரின் உள்ளங்கை போதும். பையன் அதை இரண்டு வாரத்தில் கற்றான், இடுப்பில் கட்டு எதுவும் இல்லாமல்.

அவன் படுத்துக் கிடந்த நாட்களில்தான் நானும் பக்கத்துப் பாயில் படுக்க ஆரம்பித்தேன். சின்ன வயதில் நான் கேட்டபோது பெரியப்பா மறுத்திருக்கிறார். "பொம்பளப் புள்ள ஊதினா கன்னம் தொங்கிரும்" என்றார். மதுரை பொன்னுத்தாய் நாகசுரம் வாசித்துப் பேர் வாங்கிய மண்ணிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னார். கணவரோடு சேர்ந்து வாசித்து பத்மஸ்ரீ வாங்கிய காலீஷாபி மகபூபின் படத்தைப் பிற்பாடு போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கன்னம் நல்லாத்தான் இருக்கு" என்றார். மன்னிப்பு என்று அவர் அகராதியில் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

பாயில் படுத்தபோது எனக்குத் தெரிந்தது: என் வயிறு அசையவே இல்லை. 12 வயதிலிருந்து வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சை மூடி, தோளைக் குறுக்கி நடக்கப் பழக்கியிருக்கிறார்கள். பெண் என்பதற்கு ஒரு குனிவு, சேரிப்பெண் என்பதற்கு இன்னொரு குனிவு. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1934இல் ஆற்றிய உரை ஒன்றை முதுகலையில் படித்திருக்கிறேன். நடப்பது, நீந்துவது, உட்காருவது எல்லாமே சமூகம் உடம்புக்குக் கற்றுக்கொடுப்பவை என்பது அதன் சாரம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். என் வயிறு 20 வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று மட்டும் அப்போது தோன்றவில்லை. மையத்துக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு இப்போது பேச்சுப் போட்டிப் பயிற்சிக்கு முன்னால் பத்து நிமிடம் இதே புத்தகப் பயிற்சி. குரல் மாறுவதை நீங்களே வந்து கேட்கலாம்.

கடைசிப் பாடம்தான் ஒத்துக்காரரின் மூச்சு. ஊதிக்கொண்டே மூச்சு வாங்குவது. மாயம் ஒன்றும் இல்லை. நெஞ்சில் காற்று தீர்வதற்குக் கொஞ்சம் முன்பே கன்னத்தை உப்பிக் காற்றை அங்கே சேமிக்க வேண்டும். பிறகு நாக்கின் பின்பகுதியால் தொண்டையை அடைத்துக்கொண்டு, கன்னத்தை அமுக்கி அந்தக் காற்றைக் கருவிக்குள் அனுப்ப வேண்டும். அந்த நேரத்துக்குள், ஒரு நொடிகூட இருக்காது, மூக்கால் சட்டென்று உறிஞ்ச வேண்டும். கன்னம் ஊதுகிறது, மூக்கு வாங்குகிறது. பிறகு வேலை மறுபடி நெஞ்சுக்குப் போகும். மாற்றும் இடத்தில் சுரம் விக்காமல் இருப்பதுதான் வித்தை.

கற்பிப்பது இப்படி. முதலில் கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டு மூக்கால் சாதாரணமாக மூச்சு விட்டுப் பழக வேண்டும். அடுத்து வாய் நிறையத் தண்ணீர் வைத்து, மெல்லிய தாரையாகத் துப்பிக்கொண்டே மூக்கால் மூச்சு வாங்க வேண்டும். அதன் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரும் இளநீர்க் கடை உறிஞ்சுகுழலும். குழலில் ஊதினால் குமிழி வரும். மூச்சு வாங்கும்போதும் குமிழி நிற்கக் கூடாது. பையன் இதிலேயே நாலு மாதம் இருந்தான். குமிழி நிற்கும் ஒவ்வொரு தடவையும் பெரியப்பா, "செத்துட்ட" என்பார். "மறுபடி பொறந்து வா." ஒரு சாயங்காலத்தில் அவன் நாற்பது தடவை செத்த நாள் உண்டு. குமிழி நிற்காமல் வந்த பிறகுதான் சீவாளி. முதலில் வெறும் சீவாளி மட்டும், அது கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அதற்கப்புறம்தான் நாயனம். அது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது, பெரியப்பா 30 வருடம் ஊதியது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெரியப்பா, "குழலுக்குப் பட்டா குடுத்துட்டாங்க" என்று சிரித்தார்.

இந்தச் சூட்சுமத்தை அவருடைய மாமன் சொல்லிக் கொடுத்துவிட்டு, 'வெளியே மூச்சு விடாதே' என்று சத்தியம் வாங்கினாராம். நான் இங்கே விட்டுவிட்டேன்.

இப்போது பெரியப்பாவால் ஒரு நாயனத்தைச் சுருதி சேர்க்கும் அளவுக்குக்கூட ஊத முடியாது.

எங்கள் பக்கம் திருவிழாக் காலம் மாசியில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கும் வயிறு இருக்கிறதே. அந்த மாதங்களில் கல்குவாரியிலும் ஜல்லி உடைக்கும் கிரஷரிலும் வேலை செய்தார், 22 வருடம். தூசுக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வார். கல்தூசில் இருக்கும் சிலிக்காவின் மிக நுண்ணிய துகளைத் துணியால் தடுக்க முடியாது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கி, அந்த இடத்தைத் தழும்பாக்குகிறது. தழும்பான இடம் மறுபடி விரியாது. சிலிகோசிஸ் என்று பெயர், குணப்படுத்தும் மருந்து கிடையாது. இருமலோடு போனவருக்கு இரண்டு முறை டி.பி. மருந்து கொடுத்தார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். அவர் "நாயனம்" என்றிருப்பார் என்பதும் உண்மைதான். குவாரியை அவர் தன் தொழிலாகச் சொல்லிக்கொண்டதே இல்லை.

மூச்சுத்திறன் சோதனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். குழாயை வாயில் வைத்து முழு மூச்சையும் ஒரே வேகத்தில் வெளியே தள்ள வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவர் முதல் ஒரு நொடியிலேயே முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டத் தள்ளிவிடுவார், அந்த முதல் நொடியைத்தான் கருவி முக்கியமாக அளக்கிறது. பெரியப்பா குழாயை உதட்டில் பொருத்தினார், தோளை இறக்கினார், முதுகு விரிந்தது, மெல்ல ஊத ஆரம்பித்தார். ஒரே சீராக. சோதனை எடுத்த பெண், "வேகமா ஊதுங்க தாத்தா, வேகமா, வேகமா" என்று கத்தினார். பெரியப்பா கன்னத்தை உப்பினார். நான் பயந்துபோய், "பெரியப்பா, மூக்கால வாங்கக் கூடாது" என்றேன். நாலு முறை எடுத்தும் கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்தாவது முறை எனக்குக் கோபம் வந்து, "விளக்கை அணைக்கிற மாதிரி ஊதுங்க" என்றேன். ஊதினார். இருமலில் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். தாளில் வந்த எண் மிக மோசம்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னார்: "ஆயுசுல மூச்சை அப்படிக் கொட்டினதில்ல தாயி."

தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் மூன்றாம் அட்டவணையிலேயே சிலிகோசிஸ் இருந்தது. கண்டறியும் மருத்துவர் அறிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய் அது. இழப்பீடு கேட்க வேண்டுமானால் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும். பெரியப்பாவிடம் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருக்கிறது. கல் உடைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை, வாரக்கூலி கையில்தான் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்த ஆறு பேரிடம் வாக்குமூலம் வாங்கி மனு கொடுத்திருக்கிறோம். அதில் இரண்டு பேர் மனு போட்ட பிறகு இறந்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது, அதனால் இதற்குமேல் எழுதவில்லை.

அந்தச் சிறப்பு விருந்தினரிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் நல்ல மனதோடுதான் பாராட்டினீர்கள் ஐயா, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ரத்தத்தில் இருக்கிறது என்றால் சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம் வேண்டாம். பையனுக்கு அரசு இசைப்பள்ளியில் இடம் வேண்டாம். ஏழு மாதம் தரையில் கிடந்தது கணக்கில் வராது. நுரையீரல் கெட்டால் அது அவர் பரம்பரைக் கோளாறு. மலக்குழிக்குள் இறங்குகிறவரைப் பற்றி, 'அவங்களுக்கு அது பழகிப்போச்சு' என்று சொல்வார்களே, அதுவும் இதே வாக்கியம்தான். 2013இல் அந்த வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்து சட்டம் வந்த பிறகும் அந்த வாக்கியத்தை நகராட்சி அலுவலக வாசல்களில் நான் கேட்டிருக்கிறேன். ஒன்று மாலை போட்டுச் சொல்வது, மற்றது மாலை போடாமல் சொல்வது. விஷவாயு யாருக்கும் பழகாது.

நம் தரப்பிலிருந்து வரும் கேள்வி இதைவிடக் கடினம். மாவட்டக் கூட்டம் ஒன்றில் ஒரு தோழர் நேராகவே கேட்டார்: "நாயனமும் பறையும் சாதி நம்ம கழுத்துல மாட்டினது. கழட்டி எறிய வேண்டியதைப் பிள்ளைங்க கழுத்துல நீங்க ஏன் மாட்டுறீங்க?" அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் காலத்தில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நின்றவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், வேலை இழந்திருக்கிறார்கள். அந்த மறுப்பு இல்லாவிட்டால் இன்று நாம் 'கலை' என்று பேசவே முடியாது. என் அப்பா, பெரியப்பாவின் சொந்தத் தம்பி, நாயனத்தைத் தொட மாட்டேன் என்று வீட்டை விட்டு ஓடிப்போய்ப் படித்தவர். அவர் ஊதாமல் போனதால்தான் நான் எம்.ஏ. வரை வந்தேன். இரண்டு பேரும் 15 வருடம் பேசிக்கொள்ளவில்லை.

பெரியப்பா அந்தத் தோழருக்குச் சொன்ன பதில்: "ஊதச் சொன்னது அவன். ஊதுனது நான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத தம்பி." கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எனக்கு அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. ஊதச் சொன்னவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்துத் தட்டு தட்டாக அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். அந்தத் தட்டை உடைக்காமல் கருவியை மட்டும் மினுக்கிக் கொடுத்தால் தோழர் பயந்தது நடந்துவிடும். அதனால் மையத்தில் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். ஊர் வழக்கம் என்று கூப்பிடும் எந்தச் சாவுக்கும் திருவிழாவுக்கும் போவதில்லை. பணம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டுதான் போவோம். நாற்காலி போட்டால்தான் வாசிப்போம், காலில் செருப்பு இருக்கும். நாயனம் கற்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் நிகழ்ச்சிக்குப் போகக் கூடாது என்பதும் ஒன்று. கல்லூரி விழா அதில் ஒரு மீறல். அதற்காக அப்பாவிடம் திட்டு வாங்கினேன். இந்தக் கட்டுப்பாடுகளால் இரண்டு நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின. பையனின் அம்மாவுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மையத்தில் கரண்ட் போய்விட்டது. சுருதிப் பெட்டி நின்றது. பையன் நாயனத்தை இறக்கி வைக்கப் பார்த்தான். பெரியப்பா கட்டிலிலிருந்தே, "அந்த ஒத்தை எடு" என்று என்னிடம் சொன்னார். பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் கிடந்தது. சீவாளியை நனைத்து, மெழுகைச் சரிசெய்து, சுருதி சேர்க்கக் கால்மணி நேரம் ஆனது. எனக்கும் பையனுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இடது கையை என் முதுகிலும் வலது கையை அவன் முதுகிலும் வைத்தார். நான் பிடித்தேன். பையன் ஆரம்பித்தான். முதல் நிமிடம் போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவது நிமிடத்தில் கன்னத்திலிருந்து நெஞ்சுக்கு மாற்றும் இடத்தில் எனக்கு விக்கியது, சுரம் அறுந்தது.

"செத்துட்ட" என்றார் பெரியப்பா. சிரிப்பு வந்து, சிரிப்போடு இருமலும் வந்துவிட்டது. பையன் நிறுத்தவில்லை.